புருவத்தைக் கீழே விடுங்க

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியதில் தியானம் ஒரு தடவைகூட ஸ்டியரிங்கில் கண் அயர்ந்ததில்லை. பார்க்கிறவர்கள்தான் அதை நம்ப மாட்டார்கள். மேலிமை இரண்டும் நனைந்த திரைச்சீலை மாதிரிப் பாதிக் கண்ணை மூடித் தொங்கும். டிப்போவில் 'தியானம்' என்று பேர் வந்ததே அதனால்தான். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியிருந்தது.

அவரும் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டிருந்தார், மாமியார் வந்து சேரும்வரை.

மாமியார் என்பது ஸ்டியரிங்குக்கு நேரே ஒட்டப்பட்ட, தீப்பெட்டி அளவுள்ள கேமரா. டிரைவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். கண் மூடிவிட்டதாக அதற்குத் தோன்றினால் கீச்சென்று கத்தும். கத்தியதை ஆபீஸுக்கும் சொல்லிவிடும். எந்நேரமும் நோட்டம், எடுத்ததற்கெல்லாம் புகார் என்பதால் டிரைவர்கள் வைத்த பேர் அது. மற்றவர்களுக்கு மாதத்துக்கு ஒன்றிரண்டு கத்தல். தியானத்துக்கு ஒரே டிரிப்பில் பதினொன்று.

"அண்ணே, உங்க மாமியாருக்கு உங்க மேல தனிப் பாசம்" என்றார் கண்டக்டர்.

புருவத்தை உயர்த்திப் பிடித்தால் அது வாயை மூடிக்கொள்கிறது என்பதை இரண்டாம் வாரம் கண்டுபிடித்தார். அதன்பிறகு நாலு மாதம் புருவத்தை நெற்றிக்கு ஏற்றி வைத்தே வண்டி ஓட்டினார். மாலையில் வீட்டுக்கு வரும்போது மண்டை விண்விண்ணென்று தெறிக்கும். அப்போதும் புருவம் இறங்காது.

"ஏங்க, நான் என்ன சொல்லிட்டேன்னு இப்படி ஆச்சரியப்படுறீங்க?" என்று கேட்டுக்கொண்டே மனைவி தலைவலித் தைலத்தை எடுத்து வருவார்.

ஆனாலும் நாள் முழுக்கப் பிடித்து நிற்க நெற்றி என்ன இரும்பா? கத்தல்கள் சேர்ந்தன. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"நீங்க தூங்கலைன்னு எனக்குத் தெரியும். ஆனா ரிப்போர்ட் தூங்குறீங்கன்னு சொல்லுது. நான் என்ன செய்ய? ஒரு மாசம் டைம் தரேன். கண்ணைச் சரி பண்ணிட்டு வந்து, ஒரு டிரிப் கத்தாம ஓட்டிக் காட்டுங்க. இல்லைன்னா வண்டி கழுவுற பக்கம் போயிடுங்க."

டிரைவராக இருந்துவிட்டு வண்டி கழுவப் போனவர்கள் இரண்டு பேரை அவர் பார்த்திருக்கிறார். குழாயைப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நிற்பார்கள். சம்பளமும் பாதிதான். வீட்டில் மகள் பட்டம் வாங்கி எட்டு மாதமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம்.

கண் ஆஸ்பத்திரிக்கு மகள்தான் கூட்டிப்போனாள். ஓரங்களில் மின்னும் வெளிச்சத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்.  கண் டெஸ்ட் என்றால் டிரைவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், பாஸ் ஆக வேண்டும். ஃபெயில் என்று எழுதி லைசென்ஸ் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டால்? தியானம் புருவத்தை நன்றாக ஏற்றிக்கொண்டார். ஒரு வெளிச்சம்கூடத் தப்பவில்லை.

"பார்வைக்கு மறைப்பு இல்லையே" என்றார் டாக்டர். "இமைல மிச்சமா இருக்கிற தோலை எடுத்துடலாம். ஆனா இது அழகுக்காகப் பண்ற ஆபரேஷன்லதான் வரும். மெடிக்கல் லீவுக்கு நான் எழுதித் தர முடியாது."

ஆபரேஷன் விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் மகள் 'அழகு' என்று எழுதியபோது தியானம் பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துவிடாமல் கையால் மறைத்தார்.

"ஐம்பத்து மூணு வயசுல புதுமாப்பிள்ளை ஆகப் போறாரு" என்று மனைவி வீட்டில் சிரித்தார். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

சேர்த்து வைத்திருந்த லீவு பதினெட்டு நாளையும் எடுத்தார். ரத்தம் நிற்காமல் போகலாம் என்பதால், இடுப்பு வலிக்குப் போட்டுவந்த மாத்திரையைப் பத்து நாள் முன்னாலேயே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பத்து நாளும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். ஆஸ்பத்திரி கொடுத்த தாளை மகள் வாசித்துக் காட்டினாள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, இரண்டு தலையணை வைத்துப் படுக்க வேண்டும்.

ஆபரேஷன் அன்று மகள் பக்கத்தில் நிற்க, டாக்டர் அவரை நிமிர்ந்து உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்தார். பிறகு இமையில் ஊதா மையால் கோடு போட வந்தார்.

"நெத்தியைத் தளர்வா விடுங்க. புருவத்தைக் கீழே விடுங்க."

"விட்டுட்டேன் சார்."

அவர் பொய் சொல்லவில்லை. விட்டுவிட்டதாகத்தான் நினைத்தார். கேமராவைப் பார்த்தாலே ஏறிக்கொள்ளும் புருவம் இறங்க மறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஏறிய புருவத்தோடு தோலும் மேலே இழுபட்டிருக்க, டாக்டர் பார்த்த அளவுக்குக் கோடு போட்டார். கோடு போட்ட அளவுக்குத்தான் வெட்ட முடியும்.

முதல் மூன்று நாள் கண் இரண்டும் வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தன. மனைவி ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, பத்து நிமிஷம் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். தியானம் சாய்ந்து படுத்தபடி வெளியே போகும் பஸ்களின் சத்தத்தை எண்ணினார். "இவன் ரெண்டாவது கியரை அவசரப்பட்டு மாத்துறான்" என்பார். பிறகு விரலை விட்டு நாளை எண்ணுவார். ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். பன்னிரண்டாம் நாள் வீக்கம் வடிந்து, நீலம் மஞ்சளானது. பஸ் ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது மகள் எதிரே வந்து நின்றாள். இத்தனை நாள் ஓய்வில் நெற்றி மெல்ல இளகி, புருவம் தன் பழைய இடத்துக்கு இறங்கியிருந்தது. அதோடு இமையும் இறங்கியிருந்தது. முன்பு அளவுக்கு இல்லை. ஆனாலும் இறங்கியிருந்தது.

அவள் செல்போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். புருவம் விருட்டென்று மேலே போனது.

"அப்பா, அன்னைக்குக் கோடு போடும்போதும் இப்படித்தான் வச்சிருந்தீங்க. நான் பார்த்தேன். போட்டோவுக்கு போஸ் குடுக்குறீங்கன்னு நினைச்சு சும்மா இருந்துட்டேன்."

மறுநாள் டாக்டர் பழைய போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கணும். எடுக்கலாம். ஆனா முழுசா ஆறணும். ஆறு மாசமாவது போகட்டும்."

"எனக்கு நாலு நாள்தான் சார் இருக்கு."

டாக்டர் காயத்துக்கு ஒட்டும் மெல்லிய பிளாஸ்திரி இன்னொரு சுருள் எழுதித் தந்தார்.

அந்தப் பிளாஸ்திரிதான் மகளின் தலைக்குள் புகுந்தது. ஓட்டிக் காட்ட வேண்டிய அன்று காலையில் அப்பாவைக் கண்ணாடி முன் உட்காரவைத்தாள். நெற்றித் தோலை மேலே இழுத்து, முடி தொடங்குகிற இடத்தில் மூன்று பட்டை ஒட்டினாள். மேலே யூனிஃபார்ம் தொப்பியை அழுத்தி வைத்தாள்.

"வலிக்குதாப்பா?"

"கண்ணு தெரியுதுல்ல. போதும்."

மனைவி வாசல்வரை வந்தார். அன்று கேலி எதுவும் வரவில்லை.

மேனேஜர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நாற்பது நிமிஷ டிரிப். நாலாவது ஸ்டாப்பில் வேர்வை தொப்பிக்குள் வழிவது தெரிந்தது. ஏழாவது ஸ்டாப்பில் ஒரு பட்டை விட்டுக்கொண்டது. ஒன்பதாவதில் மற்ற இரண்டும். அதன்பிறகு நெற்றிதான். ஸ்டியரிங்கை அல்ல, தன் நெற்றியைத்தான் இரண்டு கையாலும் பிடித்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. கடைசி சிக்னலில் சிவப்பு விழுந்தபோது புருவம் படபடவென்று துடித்தது. இறங்கிவிடாதே, இறங்கிவிடாதே என்று அதனிடம் கெஞ்சினார். மாமியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தது.

டிப்போவில் மேனேஜர் கை கொடுத்தார். "ஒண்ணுகூடக் கத்தல. பார்த்தீங்களா, மனசு வச்சா முடியுது. நாளைலேர்ந்து பழைய டூட்டி. எட்டு மணி நேரம்."

கண்டக்டர் ஓடிவந்து தோளில் தட்டினார். "தியானம் கலைஞ்சுடுச்சு அண்ணே, இனிமே வேற பேர்தான் வைக்கணும்."

வீட்டுக்கு வந்த தியானம் தொப்பியைக் கழற்றினார். நெற்றி மேட்டில் தோல் உரிந்து சிவந்திருந்தது. பாஸா என்று மனைவி கேட்டதற்குத் தலையாட்டினார். புருவத்தைக் கீழே விட்டார். இரண்டு இமையும் சேர்ந்து இறங்க, மகள் நின்ற திசையை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பிளாஸ்திரி இன்னும் எவ்வளவும்மா இருக்கு?"