என் இளைப்பைச் சாமி என்று கும்பிட்டார்கள்

அம்மையை நம்புகிறவர்களே, நான் சாகக் கிடந்த கதையைச் சொல்கிறேன். என்னைச் சாகடிக்கப் பார்த்தவர்கள் பகைவர்கள் இல்லை. என் சொந்தக்காரர்கள். கைகூப்பியபடியே அதைச் செய்தார்கள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், பங்குனி மாதம். நான் தக்கலைத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. ஓய்வு நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதுவேன். அதை நகைச்சுவை என்று சொன்னவன் நான் ஒருவன்தான். எங்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காக லீவு போட்டு வந்திருந்தேன். அதற்கு முந்தின வருஷம் எங்கள் கோமரத்தாடி இறந்துபோனார். கொடை நாளில் அம்மை யார் உடம்பில் இறங்கி வாக்குச் சொல்வாளோ அவர்தான் கோமரத்தாடி. அந்த உரிமை எங்கள் குடும்பத்துக்கு. இடம் காலியாக இருந்தது. என் அண்ணன் பகவதிப்பெருமாள் வீட்டு ஆண்களின் முகங்களை, மழைக்கு வானம் பார்க்கிறவரைப்போலப் பார்த்துக்கொண்டு திரிந்தார். என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. நான் அம்மையைக் கும்பிடுவேன். சாமியாடுகிறவர்களைக் கிண்டல் செய்வேன். இரண்டும் ஒரே வாய்தான்.

எனக்குக் கொஞ்ச காலமாகவே தாகம் தீரவில்லை. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கொல்லையில் நான் ஒதுங்கிய இடத்திலெல்லாம் எறும்பு ஊர்வலம். "என் எழுத்தைவிட இதுக்கு வாசகர் கூட்டம் அதிகம்" என்று மனைவி செண்பகத்திடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடிய விஷயமும் இல்லை. சர்க்கரை வியாதியைப் பற்றி எங்கோ படித்திருந்தேன். அது மற்றவர்களுக்கு வருவது என்ற எண்ணம்.

ஊருக்கு வந்ததும் கழுத்துக்குப் பின்னால் பிளவைக் கட்டி புறப்பட்டது. காய்ச்சல் அடித்தது. வாந்தி எடுத்தேன். அப்புறம்தான் அந்த மூச்சிளைப்பு வந்தது.

ஓடி வந்தவனுடைய மூச்சு இல்லை அது. அசையாமல் படுத்துக் கிடக்கிறேன். நெஞ்சு தானாக ஆழ இழுத்து ஆழ விடுகிறது, கொல்லன் துருத்தி மாதிரி. நிறுத்த முடியவில்லை. வாயிலிருந்து, பழுத்து மிஞ்சிய பழத்தின் வாசனை.

அண்ணன் குனிந்து முகர்ந்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"செண்பகம், மணம் அடிக்குது பாத்தியா? இது மட்டிப்பழ மணமாக்கும். அம்மைக்குப் படைக்கிய பழம்லா!"

"காச்சக்காரன் வாயி எதையாவது மணக்கத்தான் செய்யும். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோலாம் அத்தான்."

"சாமி எறங்குன ஒடம்புல ஊசி குத்தச் சொல்லுதியா? குடும்பம் வெளங்குமா?"

என்னைக் கோயில் பந்தலுக்குத் தூக்கிப் போனார்கள். மாலை போட்டார்கள். உடம்பெல்லாம் மஞ்சள் குழைத்த மஞ்சணை பூசினார்கள், பிளவையை விட்டுவிடவில்லை. நான் அலறியதற்குக் குலவை போட்டார்கள். "கச்சேரிக்காரனுக்கு எளக்காரம் கொஞ்சமா? இப்பம் அம்மை அவனையே பிடிச்சா பாரு" என்று யாரோ சந்தோஷமாகச் சொன்னது காதில் விழுந்தது. எனக்குக் காது நன்றாகக் கேட்டது. நாக்குத்தான் காய்ந்து, வாய்க்குள் யாரோ போட்டுவிட்டுப் போன செருப்புத் தோலாகக் கிடந்தது.

தண்ணீர் தரவில்லை. கோமரம் என்றால் விரதம். "ஒரு வாக்குச் சொல்லட்டும், பொறவு தண்ணி" என்றார் அண்ணன். சொல்ல நாக்கு நனைய வேண்டும். நனைய வாக்குச் சொல்ல வேண்டும். இடையிடையே படைத்த பாயசத்தையும் கருப்பட்டிப் பானகத்தையும் கரண்டியால் வாயில் விட்டார்கள். எந்த நெருப்பில் எரிந்துகொண்டிருந்தேனோ அதற்கே விறகு. செண்பகம் சேலைத் தலைப்பை நனைத்து, யாரும் பார்க்காமல் என் உதட்டில் பிழிந்தாள். அண்ணன் மனைவி, என் மதினி, கண்டுவிட்டாள். செண்பகத்தின் கையில் ஓங்கி ஒரு தட்டு. "புருஷன் மேல உள்ள ஆசையில சாமிய விரட்டாதட்டி!"

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒருவர் காணாமல்போன காளையைக் கேட்டு வந்தார். "தெக்கேயா, வடக்கேயா, தாயே?" வடக்கு மூலையில் தண்ணீர்ப் பானை இருந்தது. என் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. அவர் வடக்கே போனார். காளை கிடைத்துவிட்டது. அந்தக் காளை என் குடியைக் கெடுத்தது. அதன்பின் கூட்டம் அடங்கவில்லை.

அன்று நான் அம்மையிடம் கேட்டேன். இலக்கணமாகக் கேட்கத் தெம்பு இல்லை. "தாயே, நீ நிஜமாகவே என்மேல் வந்திருந்தால் இறங்கிப் போய்விடு. வரவில்லை என்றால், என்னிடம் எதுவும் கேட்காத ஒரு ஆளை அனுப்பு." இவ்வளவுதான். நாற்பது வயது தாண்டிய பிறகு நான் மனதாரச் செய்த முதல் பிரார்த்தனை அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் வந்தவள் கேட்கத்தான் வந்தாள். தலையில் முக்காடு போட்டு வரிசையில் நின்ற தங்கம்மை, நாகர்கோவில் ஆசுபத்திரி ஒன்றில் நர்ஸ். உலகச் சண்டைக்கு முன்னால் மலேயாவுக்குப் போன புருஷனிடமிருந்து கடிதம் நின்றுபோயிற்று. தாலியை வைத்திருப்பதா, கழற்றுவதா என்று கேட்க வந்தவள். திருநீறு வாங்க என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. முகர்ந்தாள். என் இமையைத் தூக்கிப் பார்த்தாள். நாக்கைப் பார்த்தாள். நாடியைப் பிடித்தாள்.

அந்த நேரத்தில் என் மூச்சு தளர்ந்தது.

"மலையேறப் போறா!" என்று அண்ணன் கற்பூரத்தைத் தேடினார். சாமி விலகுவதற்கு எங்கள் ஊரில் அப்படிச் சொல்வது.

தங்கம்மை என் கன்னத்தில் அறைந்தாள். நான் பாதிக் கண் திறந்தேன். அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தாள்.

"அம்மை எங்கிட்டச் சொல்லியாச்சு! நாகருகோயிலுக்குப் போணுமாம்! இப்பமே வண்டி கெட்டணுமாம்!"

அண்ணன் தடுமாறினார். "கொடை இங்கல்லா நடக்கு, நாகருகோயில்ல என்ன..."

"ஓய், அம்மைகிட்ட நீரு கணக்குக் கேப்பீரா? கெட்டும் வண்டிய!"

வில்வண்டி கட்டினார்கள். செண்பகத்தின் மடியில் என் தலை. வழியெல்லாம் தங்கம்மை என் உதட்டைத் துணியால் நனைத்துக்கொண்டே, என்னைக் கண்மூட விடாமல் வைதாள். அவள் வைததில் பாதியை இங்கே எழுத முடியாது.

ஆசுபத்திரியில் என் சிறுநீரைக் குழாயில் விட்டு நீல மருந்தோடு காய்ச்சினார்கள், செங்கல் நிறமாயிற்று. சர்க்கரை உச்சத்தில் என்று அர்த்தம். டாக்டர் ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. இன்சுலின் ஊசி போட்டார், நரம்பில் உப்புநீர் ஏற்றினார், பிளவையைக் கீறினார். தங்கம்மை செண்பகத்துக்கு விளக்கியது எனக்கு அரைமயக்கத்தில் கேட்டது.

"ரெத்தத்துல புளிப்பு ஏறிப்போச்சு மக்கா. அந்தப் புளிப்ப மூச்சு வழியா வெளிய தள்ளத்தான் ஒடம்பு அப்பிடி இளைச்சுது. இளைப்பு நோயில்ல. நோயிகிட்ட மல்லுக்கு நிக்கது."

மறுநாள் மூச்சு மறுபடி மெதுவானது. செண்பகம் அலறிக்கொண்டு ஓடினாள். தங்கம்மை வந்தாள். என் பெயரைக் கேட்டாள், சொன்னேன். நாடி பார்த்தாள். வாயை முகர்ந்தாள். மறுபடி சிறுநீரைச் சோதித்தாள். "பந்தல்ல கொறஞ்சது தளந்துபோயி கொறஞ்சது. இது புளிப்பு எறங்கிக் கொறையுது. மூச்ச மட்டும் பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஆளையும் சேத்துப் பாக்கணும்." பிறகு செண்பகத்தை ஒரு அதட்டு: "கண்ணீரு விட்டுக் கரையாதட்டி, போயி ஒருவாயி காப்பி குடி."

எழுந்து உட்கார்ந்த பிறகு அவளிடம் கேட்டேன். "அம்மை சொன்னான்னு பொய்தானே சொன்னீங்க, சிஸ்டர்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? வாயில வந்தது. நான் நெனச்சுச் சொல்லல்ல."

அன்றுதான் எனக்கு விளங்கியது. அம்மை அந்தப் பந்தலுக்கு வந்தது உண்மை. என்மேல் வரவில்லை, அவ்வளவே. யாரும் இதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம். சாமி நாகர்கோவிலில் இறங்கிப் போய்விட்டதாக அவர் இன்றும் சொல்லிக்கொண்டு, என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்.

தங்கம்மை கதவருகில் கொஞ்சம் நின்றாள். "நீங்க மயங்கிக் கெடந்தப்பம், மலேயா பத்தி எதாவது... காதுல விழுந்துதா?"

நான் இல்லை என்றேன். ஒரு ஆறுதல் பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு உயிர் கொடுத்தவளிடம் சாமியாட மனம் வரவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். என் வீட்டுக்கு அம்மை அவளை அனுப்பினாள். அவள் வீட்டுக்கு இன்றுவரை யாரையும் அனுப்பவில்லை. ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள். வாக்குச் சொல்லும் வேலையை நான் விட்டுவிட்டேன்.

இப்போது தினமும் ஊசி போட்டுக்கொள்கிறேன். பாயசத்தைப் பார்க்க மட்டும் செய்வேன். விடிந்ததும் எனக்காக ஒரு கும்பிடு, தங்கம்மையின் புருஷனுக்காக ஒரு கும்பிடு. சாமியாடுகிறவர்களைக் கிண்டல் செய்வதில்லை. அவர்களுக்குத் தாகம் எடுக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன்.

அம்மை கேட்பாள், நம்புங்கள். நாக்கு அசையாமல் கிடந்த என் குரலையே கேட்டவள் உங்கள் குரலைக் கேட்காமல் இருக்கமாட்டாள். ஆனால் உங்கள் வீட்டில் யாருக்காவது சும்மா படுத்திருக்கையிலேயே அப்படி ஆழமாக மூச்சு வாங்கினால், வாயில் பழம் மணத்தால், முதலில் வண்டியைக் கட்டுங்கள். கும்பிட வழியெல்லாம் நேரம் இருக்கிறது.