மாப்பிள்ளைக்குக் காட்டிய சாரை

என் தங்கையின் கணவரை எனக்குப் பிடிக்காது. கல்யாணமான நாளிலிருந்தே பிடிக்காது. ஆனால் எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்றால் அவர் எது சொன்னாலும் தலையாட்ட வேண்டும். சாம்பாரில் உப்பு இல்லை என்றால் இல்லை. சென்னையில் மனுஷன் இருப்பானா என்றால் இருக்கமாட்டான். அவர் கனடாவில் இருந்ததால் இத்தனை வருடமும் அந்தத் தலையாட்டலைப் போனிலேயே முடித்துக்கொண்டிருந்தேன்.

போன டிசம்பரில் மூன்று வார விடுமுறைக்கு அடையாறில் எங்கள் ஃபிளாட்டில் வந்து இறங்கினார்கள். தங்கை என் மனைவியை இழுத்துக்கொண்டு புடவை எடுக்க தி.நகர் போய்விட்டாள். மாப்பிள்ளை என் தலையில். காபி டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: “மச்சான், எனக்குக் கோயில், பீச் எதுவும் வேணாம். பாம்பு பாக்கணும். கூண்டுல இருக்கிறது இல்ல, வெளியில திரியறது.” செல்போனில் பட்டியலே வைத்திருந்தார். நல்ல பாம்பு, சாரை, கொம்பேறிமூக்கன், தண்ணிப்பாம்பு, கடைசியில் பாம்பே இல்லாத உடும்பு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் டிக் அடிக்க ஒரு கட்டம்.

மூன்று நாள் அலைந்தோம். அவர் முழங்கால் வரை பூட்ஸ் போட்டு, நுனி வளைந்த கம்பியோடு முன்னால் நடப்பார். நான் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால். ஆற்றங்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா சார் தேடிக்கினு கீற?”

“பாம்பு” என்றார் மாப்பிள்ளை, ரொம்ப மரியாதையாக.

“அத்தப் பாத்தா ஓடறவனதான் பாத்துக்கிறேன். நீ இன்னா நைனா, வெத்தல பாக்கு வச்சிக் கூப்டுவ போலக்கீதே!”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று நாளில் சிக்கியவை நான்கு ஓணான், ஒரு அரணை, பிறகு ஒரு கறுப்பு ரப்பர் குழாய். அந்தக் குழாயை நோக்கி அவர் பத்து நிமிடம் பூனைபோல் ஊர்ந்து போனதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மூன்றாம் நாள் சாப்பாட்டில், என் மனைவி, தங்கை எல்லோர் முன்னாலும் சொன்னார்: “போன லீவுக்கு ஒரு தீவுக்குப் போனோம். ஒரே நாள்ல பதினோரு பாம்பு. இங்க ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டீங்க மச்சான்.” ஏதோ நான்தான் தடியோடு தெருத்தெருவாகப் போய் அடித்த மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “நாளைக்குப் பத்து மணிக்குக் காட்டறேன்” என்றேன்.

எங்கள் ஃபிளாட்டுக்குப் பக்கத்தில் வழக்கில் கிடக்கும் ஒரு காலி மனை இருக்கிறது. நொச்சியும் எருக்குமாக மண்டிய இடம். நடுவில் தூர்ந்துபோன கிணறு. அங்கே ஒரு சாரை இருந்தது. ஆறு வருடமாக அதைப் பால்கனியிலிருந்து பார்த்துவந்தேன். மழை விட்டு வெயில் அடித்தால் கிணற்றுப் பக்கம் வந்து நீளமாகக் கிடக்கும். யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. சொன்னால் அடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கென்று நான் வைத்துக்கொண்ட ஒரே ரகசியம் அதுதான்.

மறுநாள் அவரைப் பால்கனியில் நிறுத்திக் காட்டினேன். அவர் முகம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “எவ்ளோ நீளம் மச்சான்” என்று குழந்தை மாதிரிக் கிசுகிசுத்தார். அந்தப் பத்து நிமிடம் அவரை எனக்குப் பிடித்திருந்தது. “யாருக்கும் சொல்லக்கூடாது” என்றேன். “சத்தியமா” என்றார்.

அரைமணி நேரத்தில் அவர் செல்போனில் எடுத்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தது. அதைப் பார்த்து அலறிய என் மனைவி ஃபிளாட் குரூப்புக்கு அனுப்பிவிட்டாள். அசோசியேஷன் செகரட்டரி எங்கள் வாசலில் வந்து நின்றார். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர், பேங்க் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர்.

“வெறும் சாரை சார். விஷம் கிடையாது. எலியைத் தின்னும். இது இல்லன்னா உங்க கார் வயரெல்லாம் என்னிக்கோ போயிருக்கும்” என்றேன்.

“சாரைன்னா இன்னும் மோசம் சார். சாரை ஆம்பளை. அதுக்கு ஜோடி நல்ல பாம்புதான். இது இங்க இருந்தா அது எங்க இருக்கும்? எங்காத்துக் கொழந்தைகள் கீழதானே விளையாடிண்டிருக்கா!”

இரண்டும் வேறு வேறு இனம், ஆடும் மாடும் ஜோடி சேருமா என்று கத்தினேன். விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். படிகளில் நின்றிருந்த எல்லோரும் அவர் பக்கம். நாளைக்கே ஜேசிபி வைத்து மனையை நிரவிவிடலாம் என்றார் ஒருவர்.

பாம்பு பிடிப்பவர் ஒருவருக்குப் போன் போட்டேன். ஆதம்பாக்கத்தில் யார் வீட்டுக் குளியலறையிலோ இன்னொரு பாம்போடு இருந்தார். இரண்டு மணி நேரத்தில் வந்து பிடித்துப் பத்திரமாகக் காட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னார். அதுவரை யாரும் அதைச் சீண்டிவிடக் கூடாதே என்று செகரட்டரியிடம் விவரமாகச் சொன்னேன்: “கிணத்துக்குப் பின்னால உடைஞ்ச சிமெண்ட் பலகை ஒண்ணு கிடக்கு. அதுக்கு அடியிலதான் இருக்கும். அந்தப் பக்கம் மட்டும் யாரையும் விடாதீங்க.” பால்கனிக்குக் கூட்டிப்போய் விரலை நீட்டியும் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு மாப்பிள்ளையை என்னவெல்லாம் சொல்லித் திட்டலாம் என்று யோசித்தபடி சோற்றில் கை வைத்தேன். வெளியே கூச்சல் கேட்டது. எங்கள் ஃபிளாட்டில் சாக்கடை அடைப்பு எடுக்க வருபவரின் குரல்: “சார் சொன்ன எடத்துலயே கீது!”

கை கழுவாமல் ஓடினேன். முடிந்துபோயிருந்தது. வெயிலில் அது கிடந்தது, பால்கனியிலிருந்து பார்த்ததைவிட நீளமாக. வால் மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. செகரட்டரி என் தோளைத் தட்டினார்: “நீங்க எடம் சொன்னது நல்லதாப் போச்சு சார். இல்லேன்னா ஒரு வாரம் தேடிண்டு இருந்திருப்போம்.”

மாப்பிள்ளை எனக்குப் பின்னால் நின்றிருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, தெருவே பார்க்க, அவரிடம் குரலை உயர்த்தினேன். “சத்தியம் பண்ணீங்களே! உங்களால ஒரு உயிர் போச்சு!”

அவர் கண் கலங்கியிருந்தது. “வீடியோ போட்டது தப்புதான் மச்சான். ஆனா அதுல பாம்பைச் சுத்திச் செடிதான் தெரியும். பலகையைக் காட்டினது நான் இல்ல.”

கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்த அடைப்பு எடுக்கும் ஆள் நேராக என்னிடம் வந்தார். கூட்டமே என் முகத்தைப் பார்த்தது.

“சார், ஜோடி எந்தப் பக்கம் கீது? அத்தையும் காமிச்சிடு.”