அட்டை வரை வந்து நின்ற கவிதை

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். வேலைக்கு வந்த ஆட்களுக்கு ஏட்டில் பேர் போடுவது என் வேலை, கவிதை எழுதுவது என் கிறுக்கு. சேலத்தில் கல்லூரிப் பாடம் நடத்திய ஒரு பெண் கவிஞர், மாதம் ஒரு ஞாயிறு பஸ் ஏறி வந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கவிதை எழுதக் கற்றுக்கொடுப்பார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஒருமுறை என் கவிதையில் பாதியை எல்லோர் முன்னாலும் அடித்துவிட்டார். அது எனக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

அடுத்த வகுப்பு மார்கழியில். அச்சில் இருந்த தன் புத்தகத்தின் தலைப்புக் கவிதையை ஆசையாக வாசித்தார். நாலு வருஷ உழைப்பு, அட்டைகூடத் தயார், பொங்கலுக்கு வெளியீடு. காப்பிப் பூவைத் தலையில் சூடிக்கொண்டு பெண்கள் பழம் பறிக்கிறார்கள் என்று போனது கவிதை. எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது.

எழுந்து நின்று, "ஏனுங்க டீச்சர், காப்பி பூக்கறது பங்குனியிலங்க, பழம் பறிக்கறது இப்பங்க. ரெண்டும் எந்த எஸ்டேட்ல ஒண்ணா நடக்குதுங்க?" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

அவர் முகம் சிவந்துவிட்டது. கவிதைத் தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "பறிக்கறவங்ககிட்ட என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

சீசன் என்பதால் ஞாயிறும் வேலை நடந்தது. கரடியூர்ப் பக்கச் சரிவில் செருப்பு வழுக்க வழுக்க ஏறி வந்தவர், பழம் பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கவிதையை வாசித்துக் காட்டினார்.

"கேக்க நொம்ப நல்லாருக்குது கண்ணு. ஆனா பூவப் பறிச்சுத் தலையில வெச்சுக்கிட்டா பழம் எங்கிருந்து வரும்? மேஸ்திரி சும்மா உடுவாரா?" என்றார் அந்தம்மா, கையை நிறுத்தாமலே. இந்த இரண்டாவது தப்பு எனக்கே உறைத்திருக்கவில்லை. கவிஞர் மத்தியானச் சாப்பாட்டை மறந்து அந்தம்மா பின்னாலேயே நடந்து விவரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எஸ்டேட் ஆபீஸ் போனில் அச்சகக்காரர் வீட்டுக்கே பேசினார். "அந்தத் தலைப்புக் கவிதைய எடுத்துருங்க. அட்டையும் வேண்டாமுங்க." அத்தோடு பொங்கல் வெளியீடு போயிற்று. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பஸ் ஏற்றிவிடும்போது மனசு தாங்காமல், "உங்க மேல கடுப்புலதானுங்க அப்படிக் கேட்டேன்" என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியுமுங்க. அதுக்காக நீங்க சொன்னது பொய்யாயிருமா?" என்று சிரித்தபடி ஏறிப் போனார்.

இன்றைக்கும் யாராவது என் தப்பைச் சொன்னால் சொன்னவர் மேல்தான் முதலில் கோபம் வருகிறது. அந்த டீச்சரை நினைத்து, சொன்னது சரிதானா என்று பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், இத்தனை வருஷமாகியும் அது எனக்கு முழுசாகக் கைவரவில்லை.