தவளை பிடித்த கை

ஆக்லாந்து விமான நிலையத்தில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். அதில் ஹவாய்த் தீவுக் காட்டுச் சேறு; வெளிநாட்டு மண், பூச்சி எதுவும் நியூசிலாந்துக்குள் வரக்கூடாதாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சொந்தமாக லாரி வாங்கி ஓட்டி முதலாளியானவன் நான். வரிசையில் வாய்மூடி நிற்க வருமா? பின்னால் நிற்கும் சேலத்துத் தம்பியிடம், அங்கே நான் பிடித்த விஷத் தவளையின் கதையைச் சொல்கிறேன். கறுப்பும் பச்சையுமாக, இப்போதுதான் பெயிண்ட் அடித்த மாதிரி இருந்தது. அந்தத் தீவுக்கே அது அசலூர்தான். கொசுவைத் தின்னட்டும் என்று எவனோ கொண்டுவந்து விட்டானாம். பிள்ளைகுட்டியோடு அங்கேயே தங்கிவிட்டது.

சோதனை செய்யும் பெண் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. காது கூர்மை.

"ஐயா, தவளையைக் கையால பிடிச்சனீங்களோ? அப்ப பெட்டி முழுக்கத் திறந்து பாக்கோணும்."

என் மனைவிக்கு முகம் வெளுக்கிறது. பெட்டிக்குள் ஊறுகாய் ஜாடி. படிவத்தில் எழுதிக்கொடுத்ததுதான். ஆனால் அதை அவளுடைய பட்டுச் சேலைக்குள் சுற்றி வைத்திருக்கிறாள்.

"பொய்ம்மா! தவளை துள்ளினதும் என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சவர் இவர்."

ஊறுகாய்க்காக என்னைக் கோழையாக்குகிறாள்!

"அம்மா சொல்றது உண்மையெண்டா, செருப்பை மட்டும் கழுவித் தாறன்."

வரிசை முழுக்க என்னைப் பார்க்கிறது.

"பெட்டியைத் திறங்க. பிடிச்சேன்."

திறக்கிறார்கள். ஜாடி சாய்கிறது. பட்டில் எண்ணெய் பரவுகிறது. மனைவி சேலையைப் பார்க்கிறாள், பிறகு என்னை.

"எந்தக் கையால பிடிச்சீங்க ஐயா?" என்கிறான் சேலத்துத் தம்பி.

வலது கையை உயர்த்திக் காட்டுகிறேன்.