சேத் ஓர்மராடின் நீண்ட மௌனம்

சேத் ஓர்மராடின் இசையால் எங்கள் யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் யாரும் சாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூக்கு, பல், விலா எலும்பு என்ற அளவில்தான் சேதம். மற்றதெல்லாம் வதந்தி.

பகலில் அவர் க்ராஸ்டேல் கசாப்புக்கூடத்தில் மாடு வெட்டினார். மாலையில், மனைவி மேவிஸ் உருளைக்கிழங்கு உரிக்கும் மேசையிலேயே நவீன இசை எழுதினார். அடுத்த சுரம் எதுவென்று கேட்பவன் ஊகித்துவிட்டால் எழுதியவனுக்கு அவமானம். அந்த வகை இசை. முதல் படைப்பு தேவாலயத்தில் அரங்கேறியபோது, ஆர்கன் வாசித்தவரைச் சபை மூப்பர் பாட்டுப் புத்தகத்தால் அடித்தார். இரண்டாவது ஒரு கல்யாணத்தில். மாப்பிள்ளை டிரம்காரரைத் தூக்கிக் கேக்கின்மேல் போட்டார். இரண்டுமே பாதியில் நின்றன.

"ஒரு சுரத்தையாவது மாத்தித் தொலையேன்" என்பாள் மேவிஸ்.

"மாடு கேட்டா கத்திய மாத்துறேனா?" என்பார் சேத்.

தன் பாட்டு ஒன்றையாவது முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட வேண்டும். மனிதருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

வாய்ப்பு பெந்தெகொஸ்தே வாரத்தில் வந்தது. அந்த வாரம் எங்கள் பக்கத்து ஊர்களின் பித்தளை வாத்தியப் பேண்டுகளெல்லாம் ஒரே பாட்டை வாசித்துப் போட்டியிடும். வாசிப்பது எந்த ஊர் என்று நடுவருக்குத் தெரியக்கூடாது. அதனால் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்ட ஒரு வண்டிக்குள் அவரை வைத்துப் பூட்டிவிடுவோம். துணைக்கு ரொட்டியும், அவசரத்துக்கு ஒரு வாளியும் உண்டு. உள்ளிருந்து விசில் வந்தால் வாசிக்க வேண்டும். வானமே இடிந்தாலும், கடைசி பேண்டு முடிக்கும்வரை கதவு திறக்காது.

அந்த ஆண்டின் பாட்டு சேத் எழுதியது. போட்டிக் குழுத் தலைவர் க்ரௌதர் ஒரு நிபந்தனை வைத்தார்: "பாட்டு ஒழுங்கா முடிஞ்சா அடுத்த வருஷமும் உன்னோடதுதான். கலாட்டா ஆச்சு, உன் இசை இந்தப் பள்ளத்தாக்குலயே கேக்கக் கூடாது."

பாட்டின் நடுவே சேத் ஒரு நீண்ட மௌனம் எழுதியிருந்தார். மற்ற ஊர்க்காரர்கள் கூச்சப்பட்டு அதைத் தாண்டி ஓடினார்கள். கடைசியாக வந்த எங்கள் க்ராஸ்டேல் பேண்டு மட்டும் அப்படியே நின்றது. சேத் கண்களை மூடிக்கொண்டார்.

இந்தப் பாட்டும் பாதியில் நின்றுவிட்டதென்று நினைத்து, எங்கள் பரம வைரிகளான ஸ்கெல்பரோ ஊர்க்காரர்கள் நிம்மதியோடு கை தட்டினார்கள்.

"நக்கலாடா பண்றீங்க?" என்று எங்கள் டிரம்காரர் ஏனோக் டிரம்மோடு அவர்கள்மேல் பாய்ந்தார். ஒரு டிராம்போன் ஒருவன் விலாவில் மடங்கியது. கார்னெட் என்ற குட்டி ஊதுகொம்பு இன்னொருவன் பல்லைப் பெயர்த்தது. டிரம் கிழிந்து, அதற்குள் ஸ்கெல்பரோ பேண்டு மாஸ்டரின் தலை புகுந்தது. பூட்டிய வண்டிக்குள் நடுவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "கடைசியா வாசிச்சவங்களுக்குத்தான் கோப்பை! மௌனத்துக்கப்புறம் வந்துச்சே ஒரு பகுதி! அதுலயும் 'ஐயோ அம்மா'ன்னு ஒரு குரல்... புல்லரிச்சுப் போச்சுங்க!"

"அது நான்யா கத்துனது!" என்றார் ஸ்கெல்பரோ பேண்டு மாஸ்டர், டிரம்முக்குள்ளிருந்து.

க்ரௌதர் சேத்தின் பக்கம் திரும்பினார். நடுவர் தீர்ப்பில் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை, எழுதியவரைத் தவிர. "சொல்லுப்பா சேத். அது உன் பாட்டுதானே?"

ஆமாம் என்றால் ஊருக்குக் கோப்பை, அவருக்கு அடுத்த ஆண்டு. ஏனோக் உடைந்த குச்சியோடு கெஞ்சும் பார்வை பார்த்தார்.

"இல்ல" என்றார் சேத். "மௌனம் மட்டுந்தான் என்னோடது. அதையும் பாதியில கெடுத்துட்டானுங்க."

அன்றுதான் க்ராஸ்டேலும் ஸ்கெல்பரோவும் வரலாற்றில் முதன்முறையாக ஒற்றுமையாகச் செயல்பட்டன. சேத்தின் இரண்டு விலா எலும்புகள் அந்த ஒற்றுமைக்குக் காணிக்கையாயின. நடுவரின் வாளியை மேவிஸ் தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு வந்த பிறகே கூட்டம் கலைந்தது.

தடை அமலுக்கு வந்தது. சேத் எழுதிக்கொண்டேயிருந்தார், கேட்க ஆளில்லாமல். சில ஆண்டுகள் கழித்து ஒரு காளை அவரைக் கசாப்புக்கூடச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. இதற்கும் இசைக்கும் சம்பந்தமில்லை. காளை அவர் பாட்டைக் கேட்டதில்லை.

அடக்கத்தன்று, போட்டிப் பாட்டை வாசிக்கச் சொன்னாள் மேவிஸ். க்ரௌதர் தடையை நினைவூட்டினார்.

"பெட்டிக்குள்ள இருக்கிறவரு முழுசாக் கேக்கணும், அதுவரைக்கும் ஒருத்தனும் அசையக் கூடாது. உங்க விதிதானே?" என்று சவப்பெட்டியைக் காட்டினாள். க்ரௌதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழிவிட்டார்.

உள்ளிருந்து விசில் வர வழியில்லாததால் மேவிஸே ஊதினாள். இரண்டு ஊர் பேண்டுகளும் சேர்ந்து வாசித்தன. மௌனம் வந்தது. அந்த மௌனத்தில் ஸ்கெல்பரோ மாஸ்டர் ஏனோக்கின் கால்விரலைப் பூட்ஸால் நசுக்கினார். ஏனோக்கின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. ஆனால் அவர் அசையவில்லை. கடைசி சுரம்வரை ஒரு அடிகூடத் தப்பவில்லை.

பாட்டு முடிந்தது. ஏனோக் குச்சிகளைப் பத்திரமாகப் புல்லில் வைத்தார். கோட்டைக் கழற்றி மடித்தார். மேவிஸைப் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டுட்டாரு. இப்ப அடிச்சுக்குங்க."