குந்தலா வாசித்த கோட்

சூரத்தில் தறி ஓட்டிய பிபின் கௌடா, ஒடிசாவின் கஞ்சாமில் இருந்த மனைவி குந்தலாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவான். ஒவ்வொரு முறையும் பணம் அனுப்பும் கடையில் நின்றபடியே போன் போட்டு, பாஸ்புக்கைப் பார்த்து வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி கோடை வாசிக்கச் சொல்வான். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தால் தீர்ந்தது, செய்யமாட்டான்.

"அஞ்சாவது சைபர், ஓ இல்ல. பன்னெண்டு வருஷமாச் சொல்றேன், மண்டையில ஏறலையா?" என்று அவள் சிடுசிடுப்பது ஸ்பீக்கரில் கேட்டு வரிசையே சிரிக்கும்.

குந்தலா காய்ச்சலில் இறந்த மறுமாதம், அதே கிளையில் இருந்த அம்மாவின் கணக்குக்கு அனுப்ப வந்தான்.

"கோட் நம்பரை யாரு வாசிப்பாங்க, பிபின்பாய்?" கடைக்கார ஹன்சாபென் தயங்கிக் கேட்டாள்.

பதினோரு எழுத்தையும் தடுமாறாமல் சொன்னான்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் இத்தனை வருஷமும் அவங்கள வாசிக்கச் சொன்னீங்களா?"

"அஞ்சாவது சைபர், ஓ இல்ல," என்றான் பிபின்.