ஏழாம் எண் பொட்டலம்

"ஆய்வக உதவியாளர், தினக்கூலி. பணி: கண்ணாடிக் கலன்களைக் கழுவுதல். வேதிப்பொருட்களைக் கையாளுதல் கூடாது." செலியமேட்டுப் பள்ளி வள்ளியம்மாளின் நியமன ஆணை இப்படித்தான் சொல்கிறது. வேதிப்பொருளைத் தொடாமல் வேதியியல் ஆய்வகத்தில் எப்படி உதவுவது என்று ஆணை விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை, பதினோரு வருடமாகத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

பெயர்கள் மட்டும் அவர் இஷ்டம். காப்பர் சல்பேட் மயில்துத்தம், அம்மோனியம் குளோரைடு நவச்சாரம், சோடியம் பைகார்பனேட் ஆப்பசோடா. வேதியியல் ஆசிரியர் சாமிநாதன் முதலில் திருத்திப் பார்த்தார். இப்போது அவரே, "வள்ளிம்மா, அந்த ஆப்பசோடாவ எடு" என்கிறார்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு உப்புகளைப் பொட்டலம் மடிப்பதும் வள்ளியம்மாள்தான். எந்த எண்ணில் எந்த உப்பு என்ற பட்டியல் தேர்வாளரிடம் இருக்கும். மாணவர்கள் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

"யக்கா, என்னுதுல இன்னா உப்புக்கா? ஜாடையா சொல்லுக்கா."

"கொழம்புல போடற உப்புடி. போயி கொதிக்க வெச்சிப் பாரு."

இந்தப் பிப்ரவரியில் ஏழாம் எண் பொட்டலம் வாங்கிய மஞ்சுளா, அலுமினியம் சல்பேட் என்று எழுதினாள். பட்டியலில் ஜிங்க் சல்பேட். வெளியூர்த் தேர்வாளர் சிவப்பில் கோடு இழுத்தார்.

"மூணு தடவ செஞ்சேன் சார். அலுமினியந்தான் வருது."

"முப்பது தடவ செஞ்சாலும் லிஸ்ட் மாறாதும்மா."

சோதனை சொல்வதையே நம்பு என்கிறது பாடப்புத்தகம். தேர்வு விதிகளில் அந்த வரி இல்லை. நர்சிங் படிக்க ஆசைப்பட்ட பெண். கண் கலங்கி நின்றாள்.

பின்னால் பியூரெட் கழுவிக்கொண்டிருந்த வள்ளியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. மழைக்காலத்தில் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்க அவர் இடித்த படிகாரத்தூள், பேர் ஒட்டாத பாட்டிலில் மிச்சமிருந்தது. அதுவும் ஜிங்க் சல்பேட் போலவே வெள்ளை. படிகாரத்தில் இருப்பது அலுமினியம். அந்த மாதம்தான் பணி நிரந்தரத்துக்கு அவர் பெயர் போயிருந்தது. அவர் வாயெடுப்பதைப் பார்த்த சாமிநாதன் கண்ணாலேயே 'சும்மா இரு' என்றார்.

"சார், பாப்பா சொல்றதுதான் சரி. அது படிகாரம். நாந்தான் மாத்தி மடிச்சிட்டேன்."

"நீ எதுக்கும்மா கெமிக்கலத் தொட்ட?"

"தொடாம எப்பிடி சார் மடிக்கிறது?"

தேர்வாளர் மீதித் தூளைத் தாமே சோதித்தார். வெள்ளைக் கூழாக வீழ்படிவு திரண்டது. அலுமினியமேதான். கோட்டை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டார். வள்ளியம்மாளுக்கு மெமோ வந்தது, நிரந்தரம் தள்ளிப்போனது.

யாரும் கேட்காதபோதே, உப்பை மாற்றி மடித்தது தான்தான் என்று அவராகச் சொன்னதற்குக் கிடைத்தது அது.